பிள்ளைகளோடு பக்கத்து சீட்

கேள்வி: கணவருக்கு ஷூ கம்பெனி வேலையாக கொல்கத்தா பயணம். அவர் டிக்கெட்டை ஆபீஸில் எடுத்துவிட்டார்கள். அதே விமானத்தில் எனக்கும் 4, 7 வயதுப் பிள்ளைகளுக்கும் டிக்கெட் எடுக்கப் போகிறேன். சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டாமல் சேர்ந்து உட்கார முடியுமா?
— வாசகி, ஆம்பூர்

பதில்: பிள்ளைகள் உங்களோடு உட்காரலாம். கணவருக்குப் பக்கத்து சீட் கிடைக்கும் என்று மட்டும் சொல்ல முடியாது. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில் (டிக்கெட் பதிவு எண்ணில்) வரும் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவருக்காவது பக்கத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ., விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. இதில் ‘அதே பி.என்.ஆர்.’ என்பதுதான் முக்கியம். எனவே உங்கள் மூவருக்கும் ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் எடுங்கள். ஒரு பிள்ளையைக்கூடத் தனியாகப் பதிய வேண்டாம். பிள்ளைகளின் வயதைச் சரியாகக் குறிப்பிடுங்கள். கணவரின் பி.என்.ஆரையும் சொல்லி, பக்கத்தில் இடம் தர முடியுமா என்று நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள்.

வெப் செக்-இன்னில் காசுக்கு விற்கும் சீட்டுகளே கண்ணில் பட்டால் பதறி வாங்காதீர்கள். போர்டிங் பாஸில் 14பி, 22இ என்று பிரித்துப் போட்டிருந்தால், செக்-இன் கவுன்டரிலேயே அந்த உத்தரவைச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். விமானத்துக்குள் ஏறியபின் யாரோ ஒருவரிடம் கெஞ்சும் நிலை உங்களுக்கு வரக்கூடாது. கவுன்டரில் பேச நேரம் வேண்டும்; ஆம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கோ நெடுந்தூரம். ஸ்ரீபெரும்புதூர் நெரிசலையும் கணக்கில் வைத்துச் சீக்கிரமே கிளம்புங்கள். கவுன்டரில் சீட்டை மாற்றித்தர மறுத்தால், மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் கொடுங்கள்.