கல்லூரிச் சேர்க்கையும் சாதிச் சான்றிதழும்

ஜவ்வாது மலைப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியும் கல்லூரி வாயிலில் திகைத்து நிற்பதற்கு, நாம் கண்டவரை, மதிப்பெண்ணைவிடச் சான்றிதழே காரணமாகின்றது. பழங்குடியினர்க்கு இச்சான்றினைத் தாசில்தார் வழங்குவதில்லை. கோட்டாட்சியரே விசாரித்து வழங்குகின்றார். அதற்கு நாட்கள் பிடிக்கும். மே மாதத்தில் பரீட்சை முடிவு வந்தபின் ஓடுவது வீண் அலைச்சல்; பதினோராம் வகுப்பிலேயே மனுச் செய்துவிடல் வேண்டும்.

தந்தையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் ஒருவிதமாகவும் குடும்ப அட்டையில் வேறுவிதமாகவும் இருப்பது இங்கே சர்வசாதாரணம். (ஒருவருக்கே மூன்று பெயர்களை நாம் கண்டதுண்டு!) பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதனை முன்கூட்டியே திருத்தச் செய்யலாம்.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே பயின்றோர்க்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை முதலியவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. மனு எழுத அறியாதோர் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு ஜமுனாமரத்தூரிலுள்ள நம் அலுவலகத்திற்கு வரலாம்.