விரிதாளில் தமிழ் எழுத்து: ஓர் ஆய்வு

முத்துக்குளித்துறைக் கடற்கரையின் ஊர்ப்பெயர்களும், முத்துப் பார்களின் பெயர்களும், கடலோடிகளின் தொழிற்சொற்களும் தமிழின் அருஞ்செல்வங்களாம். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. இக்கரையின் முஸ்லிம்களும் பரதவரும் மூழ்கி முத்தெடுத்த அத்தொழிலின் சொற்களைத் தொகுக்க முற்படுவோர் இன்று எக்செல் போன்ற விரிதாள் மென்பொருளையே நாடுகின்றனர். அது நீண்ட தமிழ் உரையையும் இணைய முகவரியையும் எங்ஙனம் கையாளுகின்றது என்பதை ஈண்டு நோக்குவோம்.

எழுத்தும் குறியும்

'தூத்துக்குடி' என்னும் சொல்லில் நம் இலக்கண மரபுப்படி எழுத்துகள் 6. யூனிகோடு முறையிலோ 'தூ' என்பது தகரமும் ஊகாரக் குறியும் என இரண்டு. 'த்' என்பது தகரமும் புள்ளியும் என இரண்டு. ஆதலின் விரிதாளின் எண்ணும் சூத்திரம் 12 என விடை தருகின்றது. முதல் 5 குறிகளை மட்டும் எடுக்கப் பணித்தால், பாண்டியரின் முத்துத் துறைமுகமாகிய 'கொற்கை' ஐகாரம் இழந்து 'கொற்க' என நிற்கும். உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளும் நம் மரபு கணினிக்குள் சிதைவதை இஃது உணர்த்தும்.

நீண்ட உரை

எக்செலின் ஒரு கட்டம் 32,767 குறிகளை ஏற்கும். எனினும் 2003ஆம் ஆண்டுப் பதிப்பு வரை அவற்றுள் 1,024 மட்டுமே கட்டத்தில் தோன்றின. உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5,027 பாடல்களை உடையது. இத்தகைய நூலைப் பதிவோர், ஒரு வரிசைக்கு ஒரு பாடல் என அமைத்து, காண்டம், படலம், பாடல் எண் ஆகியவற்றைத் தனித்தனி நிரல்களில் இடுதலே தக்கது. அவ்வாறு செய்யின் உரை வெட்டுப்படாது, தேடுதலும் எளிதாம்.

இணைய முகவரி

முகவரியில் வரும் தமிழ்க் குறி ஒவ்வொன்றும், விரிதாளில் ஒட்டும்போது, பெரும்பாலும் விழுக்காட்டுக் குறியோடு கூடிய 9 உரோமன் குறிகளாக விரிகின்றது. 'தூத்துக்குடி முத்துக்குளிப்பு' என்னும் இரு சொற்களே 252 குறிகளாகிவிடும். எக்செல் சூத்திரத்துள் மேற்கோட்குறிகளுக்கிடையே எழுதும் உரைக்கு வரம்பு 255. இணையதளத்தின் பெயரையும் சேர்த்தவுடன் அவ்வரம்பு கடக்கப்பட, சூத்திரம் ஏற்கப்படாது போகின்றது. இவ்விரு சொற்களுக்கு நிகரான ஆங்கிலத் தலைப்போ 25 குறிகளுக்குள் அடங்கிவிடும். ஒரே விதி இரு மொழிக்கும் ஒரே நீதியாக அமையவில்லை.

செய்யத்தக்கன

மென்பொருள் ஆக்குவோர் தமிழை எழுத்தெண்ணி வெட்டுதல் வேண்டும். முகவரியைப் படிக்கத்தக்க தமிழிலேயே காட்டுதல் வேண்டும். வரம்பினைத் தளர்த்துதல் வேண்டும். அதுகாறும் தொகுப்போர் முழு முகவரியை வெற்றுரையாகத் தனி நிரலில் காத்து, நூற்பெயர், ஆசிரியர், பார்த்த நாள் ஆகியவற்றையும் உடன் எழுதுவாராக. இணைப்பு அறுந்தாலும் செய்தி எஞ்சும்.

பார்ப்பெயர் ஒன்றில் ஓரெழுத்துக் குறையின் நாளைய ஆய்வாளர் அதனை வேறிடமெனக் கொள்ளவும் கூடும். முதியோரிடம் சொற்களைக் கேட்டறிந்து, எழுத்துக் குறையாது பதிந்து வைத்தல் தமிழ் மாணாக்கராகிய நம் கடமையாகும்.