பாரமான மோட்டார் சைக்கிளை நடு ஸ்ராண்டில் ஏற்றுவது எப்படி?

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் மாடும் வண்டிலும் போன பின் மோட்டார் சைக்கிளே வண்டிலாயிற்று. விதைநெல், உரப்பை, தண்ணீர்க் கான், சந்தைக்குப் போகும் கத்தரிக்காய் மூடை, இரவில் காய்ச்சல் கண்ட பிள்ளை எல்லாம் அதில்தான் போகின்றன. ஒன்றையே இரண்டு மூன்று வீட்டார் மாறி மாறிப் பாவிப்பதும் உண்டு. ஆகவே பெண்கள், வயது போனவர்கள் உட்பட அதைத் தொடும் எல்லோருக்கும் இந்த வேலை தெரிந்திருக்க வேண்டும்.

பக்க ஸ்ராண்டில் நிற்கும்போது மூடை கட்டினால், மாரி ஈரத்தில் ஸ்ராண்ட் புதைந்து வண்டி சாய்ந்துவிடும். பெற்றோல் ஊற்றுப்படும், கிளச் பிடி முறியும், பக்கத்தில் நின்ற பிள்ளையின் கால் அகப்படும். பின்சில்லைக் கழற்றவும் செயினுக்கு ஒயில் விடவும் நடு ஸ்ராண்டே வசதி.

இது பலசாலியின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. 125 சி.சி. வண்டிகள் பெரும்பாலும் 100 கிலோவுக்கு மேல், 350 சி.சி. புல்லட் 180 கிலோவையும் தாண்டும். இதைக் கையால் தூக்கப் பார்ப்பவருக்கு நாரிப்பிடிப்புத்தான் மிச்சம். தோட்டத்தில் பெரிய கல்லைப் புரட்டும்போது கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்குகிறோமா? அலவாங்கைக் கொடுத்து, அதன் நுனியில் எமது உடற்பாரத்தைப் போடுகிறோம். நடு ஸ்ராண்டில் கால் மிதிக்கும் கம்பியும் அலவாங்கு போன்றதே. தூக்குவது கால், கை வழிகாட்டுகிறது.

முதலில் சமமான, இறுகிய நிலத்தைத் தெரிவு செய்யுங்கள். மணலோ சேறோ என்றால் ஸ்ராண்டின் இரு பாதங்களின் கீழும் ஒரே பலகையை இடுங்கள். சரிவான இடத்தில் வண்டியின் முகம் மேட்டை நோக்கியிருக்கட்டும். பள்ளத்தை நோக்கினால் அது தானாக உருண்டு ஸ்ராண்டிலிருந்து இறங்கிவிடும். மீள்குடியேறிய இடங்களில் நல்ல நிலம் தேடிப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். பலகைக்குப் பதிலாக இனந்தெரியாத இரும்புத் துண்டைப் பொறுக்கவும் வேண்டாம்.

எஞ்சினை நிறுத்தி, கியரை நியூற்றலில் விட்டு, மூடைகளை இறக்குங்கள். வண்டியின் இடப்பக்கம் நின்று, இடக்கையால் ஹான்டிலின் இடப்பிடியையும், வலக்கையால் பின் கரியரையோ சீற்றின் கீழுள்ள உறுதியான சட்டத்தையோ பிடியுங்கள். சீற்றின் உறையைப் பிடித்தால் அது கிழியும். முன் பிறேக்கைப் பிடிக்கக் கூடாது. வண்டி சற்றுப் பின்னால் உருண்டால்தான் ஸ்ராண்டில் ஏறும்.

வலக்காலால் ஸ்ராண்டை இறக்கி, வண்டியை நேராக நிமிர்த்துங்கள். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. வண்டியை இடமும் வலமும் மெல்ல அசைத்தால், ஸ்ராண்டின் இரு பாதங்களும் ஒன்றாக நிலத்தில் படுவது காலுக்குத் தெரியும். ஒரு பாதம் மட்டும் பட்ட நிலையில் மிதித்தால் வண்டி மறுபக்கம் சரியும். ஏற்ற முடியாமல் நிற்கும் பலருக்குப் பிழைப்பது இங்கேதான், பலத்தில் அல்ல.

இரு பாதமும் பட்டதும், முதுகை நிமிர்த்தி, மிதிகம்பியின்மேல் ஏறி நிற்பதுபோல் முழுப் பாரத்தையும் வலக்காலில் போடுங்கள். அதே நேரம் வலக்கை வண்டியைப் பின்னால் இழுக்கட்டும். வண்டி ‘டக்’ என்று ஏறிவிடும். ஈரமான பாட்டாச் செருப்பு வழுக்கும், சப்பாத்து நல்லது.

காற்றுப் போன பின்சில்லோடு ஏற்றுவது கடினம், ஏனெனில் வண்டி தாழ்ந்திருக்கும். அப்போது முக்கால் அங்குலப் பலகையொன்றின்மேல் பின்சில்லை உருட்டி நிறுத்துங்கள். ஸ்ராண்டின் பாதங்கள் பலகையில் அல்ல, நிலத்திலேயே இருக்க வேண்டும். பலகை எவ்வளவு உயரமோ, தூக்க வேண்டியது அவ்வளவு குறையும். உதவிக்கு ஒருவர் இருந்தால், அவர் வலப்பக்கம் நின்று கரியரைப் பின்னால் இழுக்கலாம். சூடான சைலன்சர் பெரும்பாலும் அந்தப் பக்கமே, கால் கவனம்.

வண்டி மறுபக்கம் விழத் தொடங்கினால் தாங்கிப் பிடிக்க முயலாமல் கையை விட்டு விலகுங்கள். முறிந்த கிளச் பிடியைக் கடையில் வாங்கலாம்.

இறக்கும்போது முதலில் பக்க ஸ்ராண்டை விரியுங்கள். பின் இரு கையாலும் ஹான்டிலைப் பிடித்து முன்னால் தள்ளி, சில்லு நிலத்தில் பட்டவுடன் முன் பிறேக்கைப் பிடியுங்கள். நடு ஸ்ராண்ட் முழுதாக மடிந்ததா என்று குனிந்து பாருங்கள். அதன் ஸ்பிறிங் தளர்ந்திருந்தால் ஓட்டத்தில் நிலத்தில் உரசி ஆளை விழுத்தும். புதிது போடும்வரை இறுகக் கட்டிக்கொண்டே ஓடுங்கள்.