கச்சா எண்ணெய்: பெரிய லாட்டா, மினியா, ஆப்ஷனா?

எம்.சி.எக்ஸில் கச்சா எண்ணெய் வாங்கி விற்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஒரு லாட்டுக்கு மார்ஜின் எவ்வளவு?" என்றுதான். மார்ஜின் சந்தையின் பாதுகாப்புக்காகப் பிடித்து வைக்கும் பணம். உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகலாம் என்பதை அது சொல்லாது. ஸ்டாப் லாஸ் எவ்வளவு தள்ளி இருக்கிறது, லாட் எத்தனை பேரல் என்ற இரண்டும்தான் அதைச் சொல்லும்.

பெரிய லாட் 100 பேரல்; விலை ஒரு ரூபாய் அசைந்தால் உங்களுக்கு 100 ரூபாய். மினி 10 பேரல். ஒரு ரூபாய்க்கு 10 ரூபாய்.

முதல் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிரேடில் 1 சதவீதம், அதாவது 2,000 ரூபாய்க்கு மேல் விடுவதில்லை என்பது உங்கள் முடிவு. சார்ட்டைப் பார்த்தால், கணிப்பு தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் 60 ரூபாய் கீழே இருக்கிறது. பெரிய லாட் என்றால் அங்கே 6,000 போய்விடும். மினியில் லாட்டுக்கு 600. மூன்று லாட் எடுத்தாலும் 1,800தான். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். பெரிய லாட்டை வாங்கிவிட்டு, கணக்கு ஒத்துவருவதற்காக ஸ்டாப் லாஸை 20 ரூபாய்க்கு இழுத்து வைப்பார்கள். கச்சா எண்ணெய் சில நிமிடங்களில் 20 ரூபாய் ஆடிவிடும். கணிப்பு சரியாக இருந்தும் வெளியே வந்துவிடுவார்கள். ஸ்டாப் லாஸை முதலில் குறியுங்கள், லாட்டை அதற்குப் பிறகு எண்ணுங்கள். மினியில் இன்னொரு வசதி: மூன்றில் ஒன்றை லாபத்தில் விற்றுவிட்டு மீதியை ஓடவிடலாம். பெரிய லாட் ஒன்றை அப்படிப் பிரிக்க முடியாது.

ஆப்ஷன் வாங்கினால் நஷ்டம் பிரீமியத்தோடு நிற்கும் என்பது உண்மை. ஆனால் 150 ரூபாய் பிரீமியம் என்றால் 100 பேரலுக்கு 15,000 ரூபாய். 2 லட்சத்தில் அது ஏழரை சதவீதம். நஷ்டத்துக்கு வரம்பு இருக்கிறது என்பதாலேயே நஷ்டம் சிறியது ஆகிவிடாது. எக்ஸ்பைரியில் லாபத்தில் இருக்கும் ஆப்ஷன் ஃபியூச்சராக மாறிவிடும், அதற்கு முழு மார்ஜின் கேட்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பெரிய செய்தி வரவிருக்கும் இரவைத் தாண்டி பொசிஷனை வைத்திருக்க வேண்டும் என்றால் மட்டும் ஆப்ஷனுக்கு என் ஓட்டு.

ஏனென்றால் ஸ்டாப் லாஸ் எல்லா நேரத்திலும் கைகொடுத்துவிடாது. 2020 ஏப்ரல் 20 அன்று ஊரடங்கு காரணமாக எம்.சி.எக்ஸ் மாலை 5 மணிக்கே மூடியது. அன்றே எக்ஸ்பைரியான ஏப்ரல் கான்ட்ராக்ட் 965 ரூபாயில் நின்றது. அன்றிரவு நியூயார்க்கில் மே மாத டபிள்யூ.டி.ஐ. கச்சா எண்ணெய் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அந்த விலையை வைத்து இங்கே மைனஸ் 2,884 ரூபாய்க்குக் கணக்கு தீர்த்தார்கள். ஒரு பெரிய லாட் வாங்கி வைத்திருந்தவருக்கு ஒரே இரவில் 3,84,900 ரூபாய் நஷ்டம். இடையில் விற்று வெளியேற வழியே இல்லை. அதே சரிவு 10 பேரலுக்கு 38,490 ரூபாய். எக்ஸ்பைரி நெருங்கும் கான்ட்ராக்டை இரவு தாண்டி வைத்திருக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வழக்கமான புதன்கிழமை இரவும் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவின் எண்ணெய் இருப்பு விவரம் நம் நேரப்படி 8 மணிக்கோ, அங்கே குளிர்காலம் என்றால் 9 மணிக்கோ வரும். அந்த நேரத்தில் ஸ்டாப் லாஸ் நீங்கள் போட்ட விலையிலேயே நிறைவேறும் என்று நம்ப முடியாது. முன்பே லாட்டைப் பாதியாக்கிவிடுங்கள்.

60 ரூபாய் ஸ்டாப் லாஸோடு 1 சதவீத வரம்புக்குள் ஒரு பெரிய லாட் எடுக்க 6 லட்சம் முதல் வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்கள் மினியிலேயே இருங்கள். விட்டதைப் பிடிக்க லாட்டைக் கூட்டாதீர்கள். முதல் குறைந்தால் லாட்டும் குறைய வேண்டும்.