மீண்டும் களத்தில்

ஆண்டாப் ஹில் மக்கள் வடாலாவில் இரயிலேறிச் செல்லும் தொலைவிலேயே அந்தேரி உள்ளது. அங்குள்ள விளையாட்டரங்கில் 2018 ஜூனில் இந்தியக் கால்பந்து அணி ஆடியபோது 2,569 பேரே காண வந்தனர். அணித்தலைவர் சுனில் சேத்ரி, அரங்கிற்கு வருமாறு மக்களை வேண்டினார். அடுத்த ஆட்டத்தில், மழையிலும் அரங்கம் நிரம்பியது.

2024 ஜூன் 6 அன்று சேத்ரி தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டு இந்தியா ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. பயிற்சியாளர் அழைக்க, 40 வயதில் அவர் திரும்பினார். 2025 மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் முட்டிக் கோல் அடித்தார். இந்தியா 3-0 என வென்றது. ரசிகர்கள் மகிழ்ந்தனர், அவரிடத்தை நிரப்ப இளைஞர் இல்லையே எனச் சிலர் வருந்தினர்.

வினா: ரசிகர்களின் மகிழ்ச்சியில் வருத்தமும் கலந்தது ஏன்?