இரு சாராள்களின் நட்பு

திருவள்ளுவர் நட்பைக் குறித்து ஐந்து அதிகாரங்கள் வகுத்துள்ளார். அவற்றுள் 'பழைமை' என்னும் அதிகாரமே நமக்கு எப்பொழுதும் வியப்பளிப்பது. நண்பர் நம்மைக் கேளாமலே உரிமையுடன் ஒன்றைச் செய்துவிடினும், அதனை மனமுவந்து ஏற்பதே நெடுநாள் நட்பின் இலக்கணம் என்பது அதன் கருத்து. அவ்வுரிமைக்குக் கெழுதகைமை என்பது பெயர். நிறபேதம் தலைவிரித்தாடிய அமெரிக்காவில், வெள்ளை மாது ஒருவர்க்கும் கறுத்த மாது ஒருவர்க்கும் இக்கெழுதகைமை வாய்த்தல் கூடுமோ என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுவது.

சாராள் கிரிம்கே 1792ஆம் ஆண்டில் தென் கரோலினா நாட்டுச் சார்ல்ஸ்டன் நகரில், அடிமைகளை உடைமையாகக் கொண்ட நீதிபதி ஒருவரின் மகளாய்ப் பிறந்தவர். அடிமைகட்கு எழுத்தறிவிக்கச் சட்டம் இடந்தராமையின், இளமையில் அவர் இரவிலே விளக்கை அவித்து, சாவித் துவாரத்தை மறைத்து, கணப்பின் முன் குப்புறப் படுத்துத் தம் பணிப்பெண்ணுக்கு எழுத்துப் பயிற்றினாராம். 1821இல் பிலடெல்பியா நகர் புகுந்து, குவேக்கர் என வழங்கும் நண்பர் சங்கத்தைச் சார்ந்தார். தங்கை ஏஞ்சலினாவும் பின்னர் அவரைத் தொடர்ந்தார்.

சாராள் மாப்ஸ் டக்ளஸோ அந்நகரிலேயே 1806இல் சுதந்தரமான கறுப்பினக் குடும்பமொன்றில் தோன்றியவர். கல்வியிற் சிறந்த ஆசிரியை. அடிமைத்தனத்தைக் கடிந்து முற்பட எழுந்தோருள் நண்பர் சங்கத்தாரும் எண்ணத்தக்கவரே. ஆயினும் அவர்தம் ஆர்ச் வீதி ஆலயத்தில் கறுத்தவர்க்கென ஒரு விசுப்பலகை தனியே இடப்பட்டிருந்தது. வெள்ளையர் எவரேனும் அருகில் அமர வந்தால், இது கறுத்தவர் பலகை என்று தடுக்கும் குரலை ஓர் ஆராதனையிலேயே ஐந்தாறு முறை கேட்டு அழுததாக டக்ளஸ் அம்மையார் 1837இல் எழுதிய கடிதத்தில் குறித்துள்ளார். நியூயார்க்கு நகர ஆலயத்திற்கு ஒரு மாதம் சென்றுவந்த பின்னரே ஒரு மாது அவரிடம் வாய்திறந்தார். கேட்ட கேள்வி, வீடு துப்புரவு செய்யும் வேலைக்குப் போவதுண்டோ என்பது! நண்பர் சங்கம் என்னும் பெயருக்கு இதனினும் கசப்பான உரை வேண்டுவதில்லை.

கிரிம்கே சகோதரியர் அப்பலகையிலேயே சென்று அமர்ந்தனர். மூப்பர் கண்டித்தும் எழுந்திலர். 1838 மே 14ஆம் நாள் நிகழ்ந்த ஏஞ்சலினாவின் திருமணத்தில் இரு நிறத்தாரும் ஒருங்கே கூடினர். மூன்று நாட் கழிந்து, அடிமை ஒழிப்பாளர் எழுப்பிய பென்சில்வேனியா மண்டபத்தைக் கலகக்கூட்டம் தீக்கிரையாக்கிற்று.

இவையெல்லாம் பலரறிந்த செய்திகள். எம் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. அத்திருமணத்தின் பின்னர் டக்ளஸ் அம்மையார் போர்ட் லீயிலிருந்த சகோதரியரின் இல்லத்திற்கு விருந்தினராய்ச் சென்று திரும்பி, அவர்தம் கிறிஸ்தவ நடத்தைக்கு நன்றி கூறி எழுதினார். நற்பண்பன்றோ இது என்போம். மூத்த சாராளோ அதனைப் படித்து நாணினார். ஒத்தவராய் ஏற்றதன்றி யாம் செய்தது யாது, அதற்கு நன்றி பெறுதல் எத்துணைத் தாழ்வு என்னும் கருத்துப்பட மறுமொழி விடுத்தார்.

வள்ளுவர் கூறும் உரிமை அங்கே இன்னும் பிறந்திலது. நன்றி கூறியவர்மீது குறையில்லை. பன்முறை தள்ளப்பட்டவர் கதவு திறந்தபொழுது வியத்தல் இயல்பே. கிரிம்கே அம்மையார் அப்பலகையில் அமர்ந்தது தம் விருப்பத்தால். எழுந்து போகவும் அவரால் இயலும். டக்ளஸ் அம்மையார்க்கோ எழுந்து போக வேறு பலகை இல்லை. இவ்வேற்றுமையை மறந்து, உடனமர்ந்த செய்கையை மட்டும் போற்றுவது எமக்கு உடன்பாடன்று. மறந்திலர் மூத்த சாராள், ஆதலாற்றான் நாணினார்.

கடிதங்கள் நின்றில. 1873இல் கிரிம்கே அம்மையார் மறையுமளவும் நட்புத் தொடர்ந்தது. டக்ளஸ் அம்மையார் 1853 முதல் 1877 வரை கறுப்பின இளைஞர்க்கான கல்விக்கூடத்திற் கற்பித்தார். பெண்களுக்கு உடற்கூறும் உடல்நலமும் பற்றி விரிவுரை ஆற்றினார். 1855இல் மனைவியை இழந்த போதகர் ஒருவரை மணக்குமுன், தம் தயக்கங்களையும் அச்சங்களையும் ஒளியாது எழுதிக் கேட்டது மூத்த சாராளைத்தான்.