பிடியரிசிக் கலயம்

திடப்படுத்தல் முடிந்து, வருகிற ஞாயிறு முதன்முதலாக நற்கருணைக்கு முழங்காலிடப்போகிற பிள்ளைகளுக்கு, நாற்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளி நடத்திய ஒரு கிழவி எழுதுவது. 'வேறுபிரிக்கப்பட்ட வாழ்க்கை' என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். நான் அதைக் கற்றது எங்கள் அடுக்களையில்.

1. அம்மா அரிசியை உழக்கால் அளந்து சுளகில் கொட்டுவாள். கல் பொறுக்கியதும், களைவதற்கு முன்னால், ஒரு கை அள்ளிக் கண்ணை மூடி ஜெபித்து, மாடக்குழியில் இருக்கும் கலயத்தில் போடுவாள். அதுதான் பிடியரிசி. மாதம் ஒருதரம் கோவிலுக்குப் போகும். விற்ற காசு ஊழியத்துக்கு. எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மத்தியானம், அம்மா வயலில் இருக்கும்போது மாமா குடும்பம் வந்து இறங்கியது. பானையில் அரிசி காணவில்லை. கலயத்திலிருந்து இரண்டு கை எடுத்து உலையில் போட்டுவிட்டேன். சாயங்காலம் அம்மா சத்தம் போடவில்லை. "அது நம்ம அரிசி இல்லட்டி" என்றாள். கலயத்து அரிசியும் பானை அரிசியும் ஒரே வயலில் விளைந்தவைதான். ஒசத்தி, மட்டம் கிடையாது. உடையவர் வேறு, அவ்வளவுதான். தானியேல் 5-ஆம் அதிகாரத்தில் பெல்ஷாத்சார் தேவாலயத்துப் பொற்பாத்திரங்களில் திராட்சரசம் குடித்தானே, அவன் குற்றமும் இதுதான். பரிசுத்தம் என்றதும் குறையில்லாத மனுஷரை நினைத்து மலைக்காதீர்கள். 'நான் யாருடையவன்?' என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

2. சோறு மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா இருந்ததில்லை, களையுமுன்னே முதல் பிடியை எடுத்து வைத்தாள். நீங்களும் அப்படியே, எழுந்ததும் போனைக் கையில் எடுக்குமுன் வேதத்தைத் திறங்கள். ஒரு மணி நேரம் என்று பொருத்தனை பண்ண வேண்டாம், மூன்றாம் நாளே முறிந்துபோகும். கால் மணி நேரம் போதும். ஆனால் அது முதல் கால் மணி நேரமாக இருக்கட்டும்.

3. வேறுபிரிவது என்றால் ஊரோடு ஒட்டாமல் இருப்பதல்ல. தானியேல் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படித்தான், பெல்தெஷாத்சார் என்று வைத்த பெயரோடு அரண்மனையில் வேலையும் பார்த்தான். ராஜாவின் போஜனத்தில்தான் கோடு கிழித்தான். நீங்களும் ஊரோடு ஒட்டியே இருங்கள். தெருவில் துட்டி விழுந்தால், எந்த மதத்து வீடானாலும் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

4. உபவாசம் இருந்தால் உங்கள் அம்மாவிடம் மட்டும் சொல்லுங்கள், சோறு வீணாகக் கூடாது. வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

5. கலயத்து அரிசியைக் கொண்டுபோய்க் கொடுக்காமலே வைத்திருந்தால் வண்டு விழும். தேவனுக்கென்று பிரித்தது யாருக்காவது போய்ச் சேர வேண்டும். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1903-இல் நம் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர். மற்றவர்களைப் போகச் சொன்ன வாயோடு நின்றுவிடாமல், 1909-இல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுவிட்டுத் தாமே தெலுங்கு பேசும் டோர்னக்கல்லுக்குப் போனார். தெலுங்கு படித்து, அந்த ஜனங்களோடு வாழ்ந்தார். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். ஆனாலும் 1945-இல் மரிக்கும்வரை அந்த மண்ணை விடவில்லை. எல்லாரும் டோர்னக்கல்லுக்குப் போக வேண்டாம். வகுப்பில் பின்தங்கிய பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் கொடுப்பதுதான்.

6. இதை எழுதாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையாக இருந்தவள் ஆகமாட்டேன். அசனப் பண்டிகையில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். கல்யாணப் பேச்சு வந்ததும் 'நம்ம ஆட்களா?' என்று விசாரிக்கிறோம், 'எத்தனை பவுன்?' என்கிறோம். சினிமா பார்க்காத வீடு, மதுவைத் தொடாத வீடு, அந்த வீட்டிலும் இதே பேச்சு. பிறகு எதிலிருந்து வேறுபிரிந்தோம்? என் தம்பி கல்யாணத்தில் முப்பது பவுன் பேசி வாங்கினார்கள். நான் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. பெண்ணின் அப்பா சம்மதம் என்று சொல்லும்போது துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னும் அது என் கண்ணில் நிற்கிறது. நீங்கள் தரகர் படியேறும்வரை காத்திருக்காதீர்கள். சாதி பார்க்க மாட்டேன், வரதட்சணை வாங்க மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன் என்று இந்த வருஷமே வீட்டில் சொல்லிவிடுங்கள். சண்டை வரும். வரட்டும்.

7. ஊழியம் செய்ய முடியாத காலமும் வரலாம். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர். 1931-இல் ஒரு குழியில் தவறி விழுந்தபின், 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்தான். அங்கிருந்தே எழுதினார், ஜெபித்தார். தமக்குக் கல்லறைக் கல் வைக்க வேண்டாம் என்றார். அவரை அடக்கம் செய்த இடத்தில் பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான் இருக்கிறது. மாடக்குழியில் சும்மா இருக்கிற நாளிலும் கலயம் தேவனுடையதுதான்.

8. விழுவீர்கள். நான் அரிசி எடுத்த மறுநாள் விடியற்காலையில் அம்மா என்னை எழுப்பினாள். பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிய அரிசி சுளகில் இருந்தது. என் கையாலேயே இரண்டு பிடி அள்ளிக் கலயத்தில் போடச் சொன்னாள். போட்டேன். "இது நேத்தைக்கு உள்ளது" என்றாள். பிறகு அன்றைக்கு உரிய பிடியையும் என்னையே போடச் சொல்லிவிட்டு, உலை வைக்கப் போனாள்.